டிரை ரன்: வேப் கருகினால், கொதித்தால், தலை சுற்றினால்

கோயமுத்தூர் கணபதியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. ஓரமாக ஒரு மேஜை போட்டு சார்ஜர், எமர்ஜென்சி லைட், பேட்டரி ஸ்பிரேயர் இதெல்லாமும் பார்ப்பேன். இரண்டு மூன்று வருடமாக அந்த மேஜைக்கு இன்னொரு சாமானும் வருகிறது. காலேஜ் பையன்கள் கையை மூடியபடியே நீட்டுவார்கள். பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும், மாம்பழ வாசம் அடிக்கும். வேப். அதாவது இ-சிகரெட், பேட்டரியால் திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுக்கும் சாமான். பேரைக் கேட்டு எங்கம்மா ரொம்ப நாள் ஏதோ வேப்பெண்ணெய்ச் சமாச்சாரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இ-சிகரெட்டைத் தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டமும் டிசம்பரில் முழுச் சட்டமும் வந்தன. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, ஏற்றிச் செல்வது, சரக்கு வைப்பது, விளம்பரம் எல்லாமே குற்றம். விற்று முதல் முறை மாட்டினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் நான் இதை விற்பதும் இல்லை, சரி செய்து கொடுப்பதும் இல்லை.

ஆனாலும் சாமான் ஊருக்குள் வந்துவிட்டது. கருகுகிறது, கொதிக்கிறது, இழுத்தவனுக்கு மயக்கம் வருகிறது. வீட்டில் சொல்லப் பயந்து என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரிப்பேர் செய்து மறுபடி இழுப்பதற்கு இதில் வழி இருக்காது. எந்த அறிகுறிக்கு என்ன காரணம், எப்போது கீழே போட்டுவிட்டு விலக வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். கையில் இருப்பது கள்ளச் சரக்கு என்பதும் ஞாபகம் இருக்கட்டும். மேலே அச்சடித்திருக்கும் மில்லிகிராமுக்கும் பஃப் கணக்குக்கும் பொறுப்பேற்க ஆள் கிடையாது.

கருகல் வாசம் வருகிறது, தொண்டையில் குத்துகிறது

பத்தில் ஏழு பேர் இதற்குத்தான் வருகிறார்கள். காரணம் நம் தோட்டத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: டிரை ரன்.

சப்மெர்சிபிள் மோட்டாரைச் சூடேறாமல் காப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். போர்வெல்லில் தண்ணீர் இறங்கியபிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் காயில் வெந்து என் கடைக்கு வரும். வேப்பிலும் அதே கதை. குட்டிக் காயில் ஒன்று, அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறிய திரவம். அந்தத் திரவம் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்தது. முன்னது 188 டிகிரியில் கொதிக்கும், பின்னது 290-இல். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை காயிலின் சூடெல்லாம் திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும், அதனால் வெப்பம் ஓர் அளவோடு நிற்கும். பஞ்சு காய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. காயில் சிவக்கும், பஞ்சு கருகும், மிச்சமிருக்கும் கிளிசரின் ஆவியாவதற்குப் பதில் உடையும்.

உடைந்து என்னவாகும்? தாளிக்க வைத்த எண்ணெயை மறந்துவிட்டு யாராவது போனில் பேசப் போனால் வீடே புகைந்து கண் எரியுமே, அந்த எரிச்சலுக்குக் காரணமான அக்ரோலின்தான். எண்ணெய் மூலக்கூறின் நடுவில் இருப்பதும் கிளிசரின்தான் என்பதால் இரண்டும் ஒரே சரக்கு. அடுப்படியில் அந்தப் புகை வந்தால் ஜன்னலைத் திறக்கிறோம். இங்கே அதையே நெஞ்சு நிறைய இழுக்கிறார்கள். கூடவே ஃபார்மால்டிஹைடும் வரும். பிரேதத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் இருப்பது அது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு உறுதி செய்த முதல் பட்டியலில் அதுவும் உண்டு.

எவ்வளவு சூட்டில் இது உருவாகும் என்பதில் 2015-இல் ஒரு பெரிய சண்டையே நடந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே கருவியை 3.3 வோல்ட்டில் ஓட்டியபோது ஃபார்மால்டிஹைடு தரும் பொருள் தட்டுப்படவில்லை, 5 வோல்ட்டில் நிறையவே வந்தது. உடனே எதிர்த்தரப்பு, அந்தக் கருவியை 5 வோல்ட்டில் வைத்தால் கருகல் தாங்காமல் மனுஷன் யாரும் இழுக்கவே மாட்டான், மெஷினுக்கு நாக்கு இல்லாததால் இழுத்தது என்றது. இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்று எனக்குப் படுகிறது. மோட்டார் பேனலில், தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிறுத்தும் டிரை ரன் கட்-ஆஃப் வைத்திருப்போம். இந்தச் சாமானில் அந்த வேலையைச் செய்வது இழுப்பவனின் நாக்கு மட்டும்தான். புதினா, ஐஸ் என்று குளிர்ச்சி கலந்த சரக்கில் அந்த நாக்கையும் பாதி மரக்க வைத்துவிடுகிறார்கள்.

பஞ்சு காய்வதற்குக் காரணம் பல. மூச்சு விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தால் பஞ்சு மறுபடி ஊற நேரம் இருக்காது. கிளிசரின் தூக்கலான திரவம் பாகு மாதிரி கெட்டியாக இருக்கும், மெதுவாகத்தான் ஊறும். ஊட்டி, வால்பாறைக் குளிரில் இன்னும் இறுகும். டூர் போய்விட்டு வந்து "அங்க போனதும் கருகுதுங்ணா" என்று சொன்னவர்கள் உண்டு. தூக்கிப் போடும் ரகத்தில் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. பேட்டரிக்கு முன்னால் திரவம் தீர்ந்துவிடும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

இனிப்புச் சரக்கு என்றால் இன்னொன்றும் நடக்கும். கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைக்காட்டில் கரும்புப்பால் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசி நேரத்தில் துடுப்புப் போடுகிறவர் கொஞ்சம் அசந்தால் கொப்பரையில் அடிப்பிடித்து அந்த நடையே கறுத்துவிடும். வேப் திரவத்தில் போடும் இனிப்பும் காயில்மேல் அப்படித்தான் கறுப்பாகப் படிகிறது. படிந்த இடத்தில் ஈரம் படாது, அங்கே மட்டும் சூடு ஏறும். துடுப்புப் போட உள்ளே ஆள் இல்லை.

கருகல் வந்த அந்த இழுப்போடு நிறுத்த வேண்டும். "இன்னும் ரெண்டு இழுத்தா சரியாயிரும்" என்பது பொய். ஒரு தடவை கருகிய பஞ்சு மறுபடி பழைய பஞ்சு ஆகாது. மேலே திரவம் ஊற்றினாலும் அந்தக் கரி வழியாகத்தான் வரும்.

வாட்டைக் கூட்டினேன், அதிலிருந்து இப்படி

இது கணக்கு. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 3.7 வோல்ட் பேட்டரி, 1.2 ஓம் காயில் என்றால் 11 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதே பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். அதில் 0.2 ஓம் காயிலை மாட்டினால் 21 ஆம்பியர், 88 வாட். என் மேஜையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். இதை வாயில் வைக்கிறோம் என்பதை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம். கட்டுப்பாட்டுச் சர்க்யூட் எதுவும் இல்லாமல் பேட்டரியை நேராகக் காயிலோடு இணைக்கும் குழாய் ரகம் ஒன்று இருக்கிறது. ஷார்ட் ஆனால் நிறுத்த அதில் எதுவும் இல்லை. அதை நான் கையால்கூடத் தொட மாட்டேன்.

சும்மா கிடக்கும்போதே சூடாகிறது

போன சித்திரையில் ஒரு பையன் வேர்த்து விறுவிறுத்து வந்தான். டவுன் பஸ்ஸில் வரும்போது பேன்ட் பாக்கெட் சுட்டிருக்கிறது.

"சும்மா கெடக்கறப்பவே கொதிக்குதுங்ணா. நான் இழுக்கவே இல்லீங்."

"கீழ வை கண்ணு, மொதல்ல கீழ வை."

வாங்கிப் பார்த்தேன். விளக்கு தானாக எரிந்து எரிந்து அணைந்தது. இதில் பெரும்பாலும் பட்டன் இருக்காது. இழுக்கும் காற்றை உணரும் சென்சார் ஒன்றுதான் ஸ்விட்ச். ஒழுகிய திரவமோ, ஆவி குளிர்ந்த ஈரமோ அந்தச் சென்சாரில் இறங்கினால், யாரோ இழுப்பதாக நினைத்துக்கொண்டு காயிலைப் போட்டுவிடும். காற்றே ஓடாமல் காயில் எரிகிறது. திரவம் உள்ளேயே கொதிக்கிறது, பிளாஸ்டிக் இளகுகிறது, ஒட்டிக்கொண்டிருக்கும் பேட்டரிக்கும் சூடு போகிறது.

இந்த நிலையில் ஊதிப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, பிரித்துப் பார்ப்பது மூன்றும் வேண்டாம். பாக்கெட்டை விட்டு எடுத்து, வெளியே சிமென்ட் தரையிலோ மணலிலோ வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். நான் அதைக் கடைக்கு வெளியே எம்-சாண்ட் கொட்டிய பழைய பெயின்ட் டப்பாவில் போட்டேன். சாயங்காலம் வரை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பையன் அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தான், டீ வாங்கிக் கொடுத்தேன். திருப்பிக் கேட்கவில்லை.

பேட்டரி உப்பியிருக்கிறது, சார்ஜ் போடும்போது சுடுகிறது, இனிப்பாக மருந்து வாசம் அடிக்கிறது

மூன்றில் எது இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. லித்தியம் செல் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் தன் சூட்டாலேயே தான் மேலும் சூடாகும். ஒரு கட்டத்துக்குமேல் வயரைப் பிடுங்கினாலும் நிற்காது. அமெரிக்காவில் 2018-இல் ஃபுளோரிடாவிலும் 2019-இல் டெக்சாஸிலும் வேப் வெடித்து ஆளே இறந்திருக்கிறார்கள். டெக்சாஸில் இறந்தவருக்கு வயது 24, சிதறிய துண்டு கழுத்து ரத்தக்குழாயை அறுத்துவிட்டது.

நம் ஊர் வெயிலையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கரூர் பரமத்தி 40 டிகிரி தாண்டியதாகச் செய்தியில் சொல்லும் நாளில், பூட்டிய காரின் டேஷ்போர்டிலும் டூவீலர் சீட்டுக்கு அடியிலும் என்ன சூடு இருக்கும் என்று கை வைத்தாலே தெரியும். சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பாக்கெட்டில் தனிச் செல்லைப் போடுவதும் அதே வகை முட்டாள்தனம். 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லின் மேலுறை கிழிந்திருந்தால் ஒரு சாவி போதும் ஷார்ட் ஆக.

இரவு தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுத் தூங்குகிறவர்கள் ஹாஸ்டலில் நிறைய. அப்பா அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று போர்வைக்குள் ஒளித்து சார்ஜ் போடுகிறவர்கள் அதைவிட மோசம். சூடு வெளியேற வழியே இல்லை.

தீப்பிடித்துவிட்டால், சார்ஜரில் இருந்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். பிறகு தண்ணீர், வாளி வாளியாக. லித்தியம் அயான் செல்லுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, தப்பு. சூட்டைத் தணிக்காவிட்டால் அணைந்தது மறுபடி பற்றும். புகையைச் சுவாசிக்க வேண்டாம். தோல் சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மஞ்சள், இங்க், பேஸ்ட் எதுவும் பூச வேண்டாம். பேட்டரி வெடித்த புண் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் சூட்டுப் புண்ணோடு ரசாயனப் புண்ணும் அதில் இருக்கும்.

வாயில் திரவம் வருகிறது, களகளவென்று சத்தம்

திரவம் மிஞ்சிக் காயிலை மூழ்கடித்துவிட்டது, அல்லது திரவம் இருக்கும் குப்பியான பாட் விரிசல். சூடான துளி நாக்கில் தெறிக்கும். துப்பிவிட்டு வாய் கொப்புளிக்கவும், கையை சோப்புப் போட்டுக் கழுவவும். கழுவச் சொல்வது பிசுபிசுப்புக்காக இல்லை, நிக்கோட்டின் தோல் வழியாகவே உள்ளே போகும் என்பதால்.

தலை சுற்றல், குமட்டல், வேர்வை, நெஞ்சு படபடப்பு

பவானி, கோபிப் பக்கம் புகையிலைக் காட்டில் வேலை செய்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பனி ஈரத்தோடு பச்சை இலையை அணைத்துத் தூக்கினால், அன்றைக்கு ஒரு பீடிகூடக் குடிக்காதவருக்கும் வாந்தி மயக்கம் வரும். இலையின் நிக்கோட்டின் ஈரத்தில் கரைந்து தோல் வழியே ஏறிவிடுகிறது.

இங்கே ஏறுவது வேகமாக. 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மி.லி.க்குச் சுமார் 50 மில்லிகிராம், 2 மி.லி. பாட் ஒன்றில் 100 மில்லிகிராம். ஒரு சிகரெட்டில் உடம்பில் சேர்வதே ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான். உப்பு வடிவ நிக்கோட்டின் என்பதால் தொண்டையில் காரம் தெரியாது, அளவும் தெரியாது. சிகரெட் முடிந்தால் கை நின்றுவிடும். இது முடிவதே இல்லை.

நிறுத்திவிட்டுக் காற்றோட்டமாக உட்கார வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். வாந்தி நிற்கவில்லை, நெஞ்சு அடிப்பது குறையவில்லை, கை கால் இழுக்கிறது, மூச்சு தடுமாறுகிறது என்றால் 108. வீட்டில் குழந்தை ஒரு மடக்கு குடித்துவிட்டது என்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது. வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி என்று வாசம் அடிக்கும் பாட்டிலைக் குழந்தை வேறு என்னவென்று நினைக்கும்?

திரவம் தீர்ந்தது, வேறு ஊற்றினேன்

சிரிஞ்சில் ஏற்றி மறுபடி நிரப்புகிறார்கள். சளிக்கு நல்லதென்று யூகலிப்டஸ் தைலம் ஊற்றிய ஒருவனை எனக்குத் தெரியும், ஊட்டியில் வாங்கிய அசல் தைலம் என்று பெருமை வேறு. தைலத்தை வெந்நீரில் விட்டு ஆவி பிடிப்பது ஒன்று, சூட்டுக் கம்பியில் எண்ணெயைப் புகைத்து நுரையீரலில் இறக்குவது வேறு. எண்ணெய்த் துளி அங்கே போனால் கரையாது. அதனாலேயே வரும் ஒரு நிமோனியா உண்டு.

மருந்துக்கடை கிளிசரின் ஊற்றுவதும் ஆபத்து. மலிவான கிளிசரினிலும் கிளைக்காலிலும் டைஎத்திலின் கிளைக்கால் என்ற விஷம் கலந்து வருவது இருமல் மருந்துச் சாவுகளில் உலகமே பார்த்ததுதான். 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த இ-சிகரெட் குப்பி ஒன்றிலும் அது இருந்தது.

"சாப்பிடறதுதானுங்ணா, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். வெண்ணெய் வாசத்துக்குப் போடும் டைஅசிட்டைல் சாப்பிடப் பாதுகாப்பானதுதான். 2000-இல் அமெரிக்காவில் மிசௌரியில் ஒரு பாப்கார்ன் ஆலையில் வேலை செய்தவர்களுக்கு, அதன் ஆவியைச் சுவாசித்ததால் நுரையீரலின் நுண்குழாய்கள் மீளாமல் அடைத்துக்கொண்டன.

இருமல், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, காய்ச்சல்

இதற்குக் கடை மேஜையில் வைத்தியம் இல்லை. 2019-இல் அமெரிக்காவில் வேப் இழுத்த இளவயதுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பலருக்கு முதலில் வந்தது வாந்தியும் வயிற்றுவலியும்தான், வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிட்டார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர், அதில் 68 சாவு. பெரும்பாலும் கஞ்சா எண்ணெய் ஊற்றிய கள்ளச் சரக்கு. அதைக் கெட்டியாகக் காட்டக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். மாத்திரையாக விழுங்கினால் சாதாரணச் சரக்கு.

டாக்டரிடம் போய் "சளிங்க" என்று மட்டும் சொன்னால் அவர் சளிக்குத்தான் எழுதித் தருவார். வேப் இழுத்ததை, எத்தனை நாளாக, என்ன திரவம் என்பதோடு சொல்ல வேண்டும். வீட்டாள் பக்கத்தில் இருந்தால் கூச்சமாக இருக்கும். "தம்பி, கொஞ்சம் தண்ணி வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டாவது சொல்ல வேண்டும்.

சாமானைத் தூக்கிப் போட்டேன், கை நடுங்குகிறது, எரிச்சலாக வருகிறது

இதுவும் அறிகுறிதான். நிக்கோட்டின் இறங்குகிறது. முதல் மூன்று நாள் கஷ்டம், சில வாரத்தில் தணியும். பழுதான ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்று வாங்குவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. 1800-11-2356, புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். பேசுகிறவர்கள் திட்ட மாட்டார்கள்.

தூக்கிப் போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. குப்பைத் தொட்டியில் போட்டால் நசுக்கும் வண்டியில் போய் அங்கே பற்றும். தனிச் செல் என்றால் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்ட வேண்டும். மொத்தச் சாமானையும் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். என் கடையில் பெயின்ட் டப்பா நிறைந்ததும், பழைய எமர்ஜென்சி லைட் பேட்டரிகளோடு சேர்த்து அனுப்பிவிடுவேன். இப்போது உள்ளே ஏழு கிடக்கிறது. அந்தச் சித்திரைப் பையனுடையது பச்சை நிறம், அடியில் பிளாஸ்டிக் உருகி மணல் ஒட்டியிருக்கிறது.